கூச்சமும் அகமுகமும்



விழாவிற்காகக் கூடியுள்ள இவ்வேளையில், கூட்டத்தைவிட்டு விலகி அமர்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். "யாரோடும் பழக மாட்டான்", "வாயே திறவாள்" என்று உறவினர் முன்னிலையிலேயே அவர்களைக் குறைத்துப் பேசுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. பெண் பார்க்க வருவோரும் இதனைக் குறையாகக் கொள்வதுண்டு.

சுவிட்சர்லாந்து நாட்டு உளமருத்துவர் கார்ல் யுங், 1921ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மனத்தின் நாட்டம் செல்லும் திசையைக் கொண்டு இரு இயல்புகளை விளக்கினார். புறவுலகின் பொருள்களிலும் மனிதரிலும் ஊக்கம் கொள்வது புறமுகம். உள்ளத்து எண்ணங்களின்பால் திரும்புவது அகமுகம். ஒருவரிடம் ஒன்று மட்டுமே இருக்கும் என்று அவர் கூறவில்லை. இன்றைய உளவியலார் இவற்றை ஒரே அளவுகோலின் இரு முனைகளாகக் கொள்கின்றனர். நம்மில் பெரும்பாலோர் இடையிலேயே நிற்போம்.

பின்னர் இலண்டனில் பணியாற்றிய ஹான்ஸ் ஐசென்க், இதற்கு உடலிலேயே அடிப்படை உண்டு என்றார். அகமுக இயல்பினரின் மூளை எளிதில் கிளர்ச்சியுறும். ஆதலின் இரைச்சலும் கூட்டமும் அவர்களுக்கு விரைவில் மிகையாகிவிடும் என்பது அவர் கருத்து. 1960களில் நாவில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டிச் சுரக்கும் உமிழ்நீரைக்கூட அளந்து பார்த்தனர். வேடிக்கையான சோதனைதான், அகமுக இயல்பினருக்குச் சற்று மிகுதியாகவே சுரந்தது. ஐசென்கின் கொள்கை முழுவதும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் இவ்வியல்பில் மனிதரிடையே காணும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபுவழி வருவதென இரட்டையரை ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். கடிந்துரைத்தால் மாறிவிடும் பழக்கமன்று அது.

பெற்றோர் பிரித்தறிய வேண்டுவது கூச்சத்தையே. கூச்சமுடைய பிள்ளை பிறரோடு சேர விரும்பும். இகழ்வார்களோ என்னும் அச்சம் தடுத்துவிடும். அகமுகப் பிள்ளைக்கோ தனிமை ஓய்வு. மனத்திற்கிசைந்த ஓரிரு நண்பரோடு அது மணிக்கணக்கில் உரையாடும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் நாம் மயங்குகின்றோம். கூச்சத்திற்குப் பரிவும் பயிற்சியும் வேண்டும். அச்சம் பள்ளி செல்வதையே தடுக்குமாயின் மருத்துவரை நாடுதலும் வேண்டும். அகமுகத்திற்கு மருந்து எதற்கு? ஒரே பிள்ளையிடம் இரண்டும் கலந்திருத்தலும் உண்டு. கலகலப்பாகப் பேசும் பிள்ளைக்குள்ளும் கூச்சம் ஒளிந்திருக்கக்கூடும்.

இன்று பிற்பகல் மேடையேற மறுக்கும் பிள்ளையைத் தனியே அழைத்து, "பயமாக இருக்கிறதா, விருப்பமில்லையா?" என்று மட்டும் கேளுங்கள். விடை வரச் சற்று நேரமாகலாம்; அதற்குள் நீங்களே விடை சொல்லிவிடாதீர்கள்.