கடலடித் தோட்டத்துக்கு நம் பங்கு



தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன, இரண்டு மூழ்கிவிட்டன. அலையைத் தடுத்துநின்ற முருகைக் கற்களைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பெயர்த்தெடுத்தமை அதற்கொரு காரணம். 1986-இல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பவளங்களுக்கு வனவிலங்குச் சட்டத்தின் காப்பும் கிட்டியது. ஆயினும் 2016-இல் கடல்நீர் வெம்மையுற்றபோது அவை வெளுத்தன, பல மடிந்தன.

உயிருள்ள பவளத் துண்டுகளைச் சிமெண்டுச் சட்டங்களில் கட்டி ஆய்வாளர் கடலடியில் நடுகின்றனர். நடுவது சின்னாட் பணி. பாசி நீக்கி, சிக்கிய வலையகற்றிப் பேணுவதோ பல்லாண்டுப் பணி. ஆதலின் ஒருமுறை நன்கொடை போதாது. வீடுதோறும் மாதந்தோறும் சிறுதொகை சேர்ப்போம். அது கரையோர மீனவரின் காவற்பணிக்கு ஊதியமாகட்டும். அக்கடல் மீனை உண்டு வளர்ந்தோர் நம்முள் பலர். அக்கடனை அடைக்க முற்படுவோம்.