பிப்ரவரி 18-உம் பிப்ரவரி 22-உம்

(1946 கடற்படை எழுச்சி நினைவாக நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



வரலாற்று நாட்குறிப்புகளில் பிப்ரவரி 18-ஆம் நாளுக்கு எதிரே ‘கடற்படைக் கலகம், 1946’ என்ற ஒற்றை வரியைக் காண்கிறோம். அவ்வரியில் இரு குறைகள் உள்ளன. ஒன்று சொல்லைப் பற்றியது. மற்றொன்று நாளைப் பற்றியது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘கலகம்’ என்பது ஆட்சியாளர் தந்த பெயர். 1857-ஐச் ‘சிப்பாய்க் கலகம்’ என்று எழுதிய அதே பார்வைதான் 1946-க்கும் அப்பெயரைச் சூட்டியது. பம்பாயில் ‘தல்வார்’ என்னும் சமிக்ஞைப் பயிற்சி நிலையத்தின் மாலுமிகள், கெட்ட உணவையும் அதிகாரிகளின் இனவெறி வசைமொழியையும் எதிர்த்துப் பணியை நிறுத்தினர். மறுநாள் தாங்கள் தேர்ந்தெடுத்த தலைமைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘கடற்படை மத்திய வேலைநிறுத்தக் குழு’. எம். எஸ். கான் தலைவர், மதன் சிங் துணைத் தலைவர். சீருடை அணிந்தவர்கள் ஆலைத் தொழிலாளியின் சொல்லைத் தமதாக்கிக்கொண்டனர் என்பதைக் கவனியுங்கள். எனவே, மொழிபெயர்க்கும்போது ‘கலகம்’ என்ற சொல்லை நான் கையாள்வதில்லை.

அவர்களுடைய கோரிக்கைகளும் சோற்றோடு நின்றுவிடவில்லை. பிரிட்டிஷ் மாலுமிகளுக்கு இணையான ஊதியம், இந்திய தேசிய ராணுவத்தினர் உள்ளிட்ட அரசியல் கைதிகளின் விடுதலை, இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படைகளைத் திரும்பப் பெறுதல் ஆகியவையும் இடம்பெற்றன. காங்கிரஸ் கொடி, முஸ்லிம் லீக் கொடி, செங்கொடி மூன்றும் கப்பல்களில் ஒருசேரப் பறந்தன. 78 கப்பல்கள், 20 கரை நிலையங்கள், ஏறத்தாழ 20,000 மாலுமிகள் எனப் போராட்டம் பரவியது.

இனி நாளைப் பற்றிச் சொல்கிறேன். நாட்குறிப்புகள் மறந்துவிட்ட நாள் பிப்ரவரி 22. மாலுமிகளுக்கு ஆதரவாகக் கம்யூனிஸ்ட் கட்சி விடுத்த அறைகூவலை ஏற்றுப் பம்பாய்த் தொழிலாளர்கள் ஆலைகளை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கினர். படையினர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். பம்பாயில் இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். பரேல் பகுதியில் வீழ்ந்தவர்களில் தோழர் கமல் தோண்டேயும் ஒருவர். அதே நாளில் கராச்சியில் ‘இந்துஸ்தான்’ கப்பலின் மாலுமிகள் பீரங்கித் தாக்குதலுக்குப் பின் அடக்கப்பட்டனர்.

காங்கிரஸ் தலைவர் பட்டேலும் லீக் தலைவர் ஜின்னாவும் சரணடையுமாறு அறிவுரை கூறினர். பழிவாங்கல் இராது என்ற நம்பிக்கையில் 23-ஆம் நாள் போராட்டம் முடிவுற்றது. பிரிட்டனிடம் அன்று, இந்தியாவிடமே சரணடைவதாகக் குழு அறிவித்தது. ஆனால் பழிவாங்கல் நிகழ்ந்தது: நூற்றுக்கணக்கானோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். விடுதலைக்குப் பின்னரும் இந்தியக் கடற்படையோ பாகிஸ்தான் கடற்படையோ அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை.

தோழர்களே! அந்த பிப்ரவரியில் இந்துவும் முஸ்லிமும் ஒரே தெருவில் தோளோடு தோள் நின்றனர். ஆறே மாதங்களில், ஆகஸ்ட் 16 அன்று, கல்கத்தாவில் மதவெறிப் படுகொலை தொடங்கியது. மக்கள் ஒற்றுமை கைக்கு எட்டியிருந்த வேளையில் தலைவர்கள் அதைக் கண்டு அஞ்சினர். அந்த அச்சத்தின் விலையை மக்கள் செலுத்தினர்.

மதத்தின் பெயரால் வரலாற்றைத் திருத்தி எழுதுவோர் பெருகிவரும் காலம் இது. ஆகவே, கிளைக் கூட்டங்களில் பிப்ரவரி 18-ஐ நினைவுகூரும்போது, 22-ஐயும் சேர்த்தே சொல்லுங்கள். மாலுமிகள் தொடங்கிய வேலைநிறுத்தத்தைத் தன் குருதியால் தாங்கி நின்றது தொழிலாளி வர்க்கம். அதை நாம் எழுதாவிட்டால் வேறு எவரும் எழுதப்போவதில்லை.