ஆயத்தப் பொதியும் மூலநிரலும்



தில்லியிலும் மும்பையிலும் குடித்தனம் நடத்தும் நம்மிடையே சாம்பார்ப் பொடி குறித்து இரு கட்சிகள் உண்டு. கடைப் பொட்டலமே போதும் என்பர் ஒரு சாரார். மல்லியும் மிளகாயும் வறுத்துத் தாமே அரைத்தாலன்றி மனம் ஒப்பார் மற்றொரு சாரார். லினக்ஸ் கணினியை ஆள்வோரிடையேயும் இவ்வழக்கு நெடுநாளாக நடந்து வருகிறது.

மனிதர் படிக்கத்தக்க வடிவில் எழுதப்பட்டது மூலநிரல். அதனைக் கணினிக்குரிய கட்டளைகளாக மாற்றும் கருவி தொகுப்பி. 1993-இல் தோன்றிய டெபியன் போன்றவை இவ்வேலையை முன்னரே முடித்துப் பொதிகளாக அளிக்கின்றன. ஜென்டூவின் மரபோ நம் கணினியிலேயே தொகுக்கச் செய்வது. அதுவும் 2023 டிசம்பரில் ஆயத்தப் பொதிகளைப் பரவலாக வழங்கத் தலைப்பட்டது.

தாமே தொகுத்தால் வேகம் கூடும் என்பது பலருடைய ஆசை. கூடுவதுண்டு, ஆயினும் அன்றாட வேலைகளில் அது பெரும்பாலும் புலப்படுவதில்லை. சிறிய மடிக்கணினியில் ஓர் உலாவியைத் தொகுக்கப் பல மணி நேரம் செல்லும். நினைவகம் போதாமல் வேலை நடுவழியில் நிற்பதும் உண்டு. இதனினும் பெரிய செலவு ஒன்றுளது. கையால் தொகுத்து நிறுவியதைப் பொதி மேலாளர் அறியாது. பாதுகாப்புத் திருத்தம் வெளிவரும் நாளில் ஏனைய பொதிகள் தாமே புதுப்பிக்கப்படும். நாம் தொகுத்ததோ பழைய ஓட்டையுடன் அப்படியே கிடக்கும். அதற்குக் காவலர் நாமே.

மூலத்தைத் தொகுத்தால் வஞ்சகம் அணுகாது என்பாரும் உளர். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரத்தை அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். நஞ்சு வெளியீட்டு மூலப்பொதியிலேயே இருந்தது. டெபியன், ஆர்பிஎம் பொதிகளைக் கட்டும்போது விழித்தெழுமாறு அமைக்கப்பட்டிருந்தது. தொலைநுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதிப்பதை ஐயுற்று ஆராய்ந்த ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் அதனைக் கண்டுபிடித்தார். டெபியனின் நிலைப்பதிப்பு பழைய வெளியீட்டையே வைத்திருந்தமையால் தப்பியது. பழமையும் சில வேளை காக்கும் போலும்!

ஆகவே நாம் ஆயத்தப் பொதியையே முதலில் நாடுகிறோம். வேண்டிய வசதி அதில் இல்லாதபோதும், நாமே நிரலைத் திருத்த விழையும்போதும் மட்டும் தொகுக்கிறோம். அப்போதும் டெபியன் தரும் மூலப்பொதியை எடுத்து, திருத்தி, மீண்டும் பொதியாகவே கட்டி நிறுவுதல் நன்று. பொதி மேலாளரின் கணக்கில் அது ஏறிவிடும். வேண்டாதபோது ஒரே கட்டளையில் நீக்கவும் இயலும்.