கோழிக்குச் சரிவிகிதத் தீவனம்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



நம் கிராமங்களில் கோழி இல்லாத தெருவைக் காண்பது அரிது. ஆயினும், "கோழிக்கு என்ன தீனி போடுகிறீர்கள்?" என்று வினவினால், "அதுவே மேய்ந்து கொள்ளும்" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைகள் இட்டு, இடையிடையே அடைகாக்கும் நாட்டுக் கோழிக்கு இவ்விடை ஓரளவு பொருந்தலாம். புழு பூச்சியும், பசும்புல்லும், களத்தில் சிந்திய தானியமும் கொண்டு அது காலத்தை ஓட்டிவிடும். ஆனால், புறக்கடையில் வளர்ப்பதற்கென்றே தேர்ந்தெடுத்துப் பெருக்கப்பட்ட உயர் இனங்கள், ஆண்டுக்கு 100-க்கும் மேற்பட்ட முட்டைகளை இடத்தக்கவை. அவற்றையும் மேய்ச்சலுக்கு மட்டும் விட்டுவிடலாகாது. குஞ்சுகளைப் பெற்ற ஏழைப் பெண் ஆறு மாதம் காத்திருந்து, முட்டையைக் காணாமல், கோழியைச் சந்தைக்கு அனுப்பிவிடுவதுண்டு. குற்றம் அவளுடையதன்று. குஞ்சுகளை வழங்கிய அன்றே கணக்கு முடிந்தது என்று நாம் எண்ணுவதே குற்றம்.

ஒரு முட்டையில் என்ன அடங்கியிருக்கிறது என்று பார்ப்போம். ஏறத்தாழ 55 கிராம் எடையுள்ள முட்டையில் 6 கிராமுக்குக் குறையாத புரதம் இருக்கிறது. ஓடு மட்டும் 5 முதல் 6 கிராம்; அதில் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து. உள்ளே இருப்பதில் முக்கால் பங்கு நீர். இவ்வளவையும் கோழி தன் தீனியிலிருந்தும் தண்ணீரிலிருந்துமே பெற்றாக வேண்டும். முட்டையிடும் கோழியின் தீவனத்தில் 100-க்கு 16 முதல் 18 பங்கு புரதம் தேவை. அரிசி நொய், மக்காச்சோளம், கம்பு ஆகிய தானியங்களிலோ 8 முதல் 11 பங்குக்கு மேல் இல்லை. நொய்யை எவ்வளவு அள்ளி வீசினாலும் உடலில் கொழுப்பு ஏறுமேயன்றி முட்டை பெருகாது. செங்கல் மலைபோல் குவிந்து கிடந்தாலும், சாந்து இல்லையேல் கொத்தனார் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே!

தீட்டிய அரிசியைப் பற்றி வரலாறு ஒன்று உண்டு. 1890-ஐ அடுத்த ஆண்டுகளில், ஜாவாத் தீவில் ஐக்மான் என்னும் டச்சு மருத்துவர் ஆராய்ச்சிக்காக வைத்திருந்த கோழிகள் கால் தளர்ந்து நோயுற்றன. சில மாதங்களுக்குப் பின் தாமே குணமடைந்தன. இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மீந்த தீட்டிய அரிசிச் சோறே அவற்றுக்குப் போடப்பட்டு வந்தது என்பதும், புதிதாக வந்த சமையற்காரர் அதைத் தர மறுத்ததால் தீட்டாத அரிசிக்கு மாற்றப்பட்டன என்பதும் பின்னர் விளங்கின. தவிட்டோடு போன உயிர்ச்சத்தே வேறுபாட்டிற்குக் காரணம். இவ்வாராய்ச்சிக்காக ஐக்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. உயிர்ச்சத்தை உலகிற்குக் காட்டிக் கொடுத்த பெருமையில் கோழிக்கும் பங்குண்டு! நம் ஊர் அரிசி ஆலைத் தவிட்டை ஒதுக்க வேண்டுவதில்லை. ஆனால் எண்ணெய் எடுக்காத தவிடு சில நாட்களிலேயே காறிவிடும் ஆதலால், அவ்வப்போது புதிதாக வாங்குதல் நலம்.

புரதத்திற்கு நமக்கு எளிதில் கிடைப்பது கடலைப் பிண்ணாக்கு. இதில் நாம் மிகுந்த எச்சரிக்கையோடு இருத்தல் வேண்டும். 1960-இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூத்திருந்த பூசணத்தின் நஞ்சே காரணம் என்று கண்டனர். அந்நஞ்சே அஃப்ளடாக்சின். அது ஈரலைக் கெடுக்கும்; முட்டையைக் குறைக்கும்; நோயை எதிர்க்கும் ஆற்றலையும் அழிக்கும். பூசணத்தைத் தட்டிவிட்டு வெயிலில் உலர்த்திப் போடுவதால் நஞ்சு முற்றும் நீங்கிவிடாது; வேகவைத்தாலும் நீங்காது. "கோழிக்கு ஆகாவிட்டால் மாட்டுக்கு வைப்போம்" என்பாரும் உளர். கறவை மாடு தின்றால் நஞ்சு பாலிலும் இறங்கும். ஆகவே, நிலக்கடலையை நன்றாக உலர்த்திய பின்னரே மூட்டை கட்டுங்கள். பிண்ணாக்கு மூட்டைகளைத் தரையில் வைக்காமல், சுவரில் படாமல், பலகைமேல் அடுக்குங்கள்.

புறக்கடையில் முட்டையிடும் கோழிகளுக்கு, 100 கிலோ கலவையில் மக்காச்சோளம் அல்லது கம்பு 45 கிலோ, தவிடு 20, கடலைப் பிண்ணாக்கு 20, உப்பிடாத மீன் தூள் 8, கிளிஞ்சல் தூள் 5, தாது உப்புக் கலவை 2 என்று சேர்க்கலாம். தானியத்தை மாவாக்காமல் குருணையாக உடைத்தல் வேண்டும். உப்பிட்ட கருவாட்டைச் சேர்ப்பது ஆபத்து. உப்பு மிகுந்தால் கோழி மடியும். பகலெல்லாம் மேயும் கோழிக்கு இக்கலவையில் 40 அல்லது 50 கிராம் மாலையில் வைத்தால் போதும்; தீனியை எதிர்பார்த்துக் கோழியும் வேளையோடு வீடு திரும்பும். அடைத்து வளர்ப்பதானால் 100 கிராமுக்குக் குறையலாகாது. முருங்கை, அகத்திக் கீரைகளைக் கட்டித் தொங்கவிட்டால் உயிர்ச்சத்து 'ஏ' கிடைக்கும். மஞ்சள் கருவும் நல்ல நிறம் பெறும்.

தோல்முட்டை இடுவதைத் தெய்வக் குற்றம் என்று சொல்லும் வீடுகள் இன்றும் உள்ளன. சுண்ணாம்புச் சத்துக் குறைவே அதற்குப் பெரும்பாலும் காரணம். தீனியில் கிடைக்காதபோது கோழி தன் எலும்பிலிருந்தே அதை எடுக்கும். ஓடு இறுகுவது பெரும்பாலும் இரவில் ஆதலால், கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் மாலையில் வைப்பது நன்று. ஆனால் முட்டையிடத் தொடங்காத இளங்கோழிக்கு இதை வைத்தல் கூடாது; மிகுதியான சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தண்ணீரைப் பற்றிப் பலர் நினைப்பதே இல்லை. தின்னும் தீனியைப் போல் இருமடங்கு எடை தண்ணீரைக் கோழி குடிக்கிறது. சித்திரை வெயிலில் இன்னும் மிகுதி. நிழலில் மண் சட்டி ஒன்று எப்போதும் நிறைந்திருக்க வேண்டும்.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியது என்ன? ஐந்து கோழி வைத்திருப்பவர் 100 கிலோ கலவை செய்ய முடியாது. செய்தாலும் பூசணம் பூக்கும். மகளிர் குழுக்கள் ஒன்றுகூடி, அறுவடைக் காலத்தில் தானியத்தை வாங்கி, ஊரிலுள்ள மாவு ஆலையில் உடைத்து, மாதத்திற்கு ஆகும் அளவு மட்டும் கலந்து பங்கிட்டுக் கொள்ளலாம். ஈரமில்லாத ஓர் அறையையும் ஒரு தராசையும் பஞ்சாயத்து ஏற்படுத்தித் தந்தால் போதும்.

குஞ்சுகளுக்கு முதல் எட்டு வாரங்களில் 100-க்கு 20 பங்கு புரதம் தேவை. அதற்கு நம் முன்னோர் கண்ட வழி ஒன்று காசில்லாதது. பழம் பானையில் உலர்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத் துண்டுகள் ஆகியவற்றை அடைத்து, தண்ணீர் தெளித்து, கரையான் புற்றின் அருகே மாலையில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் விடியலில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். வெயில் ஏறுமுன் எடுத்துக் குஞ்சுகளுக்கு உதறிவிட வேண்டும். பூச்சி மருந்து தெளித்த வயலருகே மட்டும் பானையை வைக்காதீர்கள்.