அச்சிட்ட விலை உச்சவரம்பு: சோலூர் தெருமுனைக் கூட்டத்தில் பேசியது



பெட்டிக்கடைப் பிரச்சினையைப் பேச வந்திருக்கேன். சிகரெட் விலையைக் குறைக்கச் சொல்லி வரல. வரி ஏறட்டும், அது அரசு கஜானாவுக்குப் போகுது. ஆனா பாக்கெட்டில் போட்ட விலைக்கு மேல வாங்கற காசு எந்தக் கஜானாவுக்குப் போகுது?

2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகள்படி, அச்சிட்ட விலை எல்லா வரியும் சேர்ந்தது. அதுக்கு மேல விற்கக் கூடாது. "மலை ஏத்தின லாரி வாடகை"ன்னு தனியா சேர்க்க இடமே இல்ல. வரி ஏறப்போகுதுன்னு செய்தி வந்த அன்னிக்கே விலையை ஏத்தறதும் தப்புதான்.

சில்லறையில்தான் சூட்சுமம். ஒரு கணக்குக்குச் சொல்றேன்: பத்து சிகரெட் பாக்கெட் 170 ரூபாய், ஒத்தையா 20 ரூபாய். முப்பது ரூபாய் கூடப் போச்சு! பிரிச்சு விற்கும்போது விலையும் தெரியாது, பாக்கெட்டில் 85 சதவீத இடத்தில் இருக்கிற எச்சரிக்கைப் படமும் தெரியாது. தோட்டத்து வேலைக்குப் போற தம்பி அப்படித்தான் ஒவ்வொண்ணா வாங்கறான்.

கடைக்காரரை மட்டும் திட்டாதீங்க. ஓடற பிராண்டு வேணும்னா ஓடாத பிராண்டையும் எடுன்னு சரக்கு போடறவர் கட்டாயப்படுத்தினா, அவர் என்ன பண்ணுவார்? இந்தக் கட்டாயமும், "இதுக்குக் கீழ விற்காதே"ங்கிற மிரட்டலும் போட்டியைக் கெடுத்தா, 2002 போட்டிச் சட்டத்தின் 3-வது பிரிவில் மாட்டும். அச்சிட்ட விலை உச்சவரம்புதான், குறைச்சு விற்கத் தடையில்ல. தள்ளுபடியைக் கட்டுப்படுத்தினதாகச் சொல்லி 2021-ல் மாருதி கம்பெனிக்கே போட்டி ஆணையம் 200 கோடி அபராதம் போட்டுச்சு. அவங்க மேல்முறையீட்டுக்குப் போனாங்க, அது வேற கதை. கார் கம்பெனியைக் கேட்ட சட்டம் பெட்டிக்கடைக்கும் உண்டு.

கடைக்காரங்களுக்கும் ஒண்ணு. 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கும், பள்ளிக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள்ளயும் விற்கக் கூடாது. அபராதம் 200 ரூபாய்தானேன்னு நினைக்காதீங்க, நம்ம ஊர்ப் பிள்ளைங்க.

கூடுதல் விலை கேட்டா 1915-க்குப் போன் பண்ணுங்க. ஊட்டியில் தொழிலாளர் துறை முத்திரை ஆய்வாளர்கிட்டயும் எழுதிக் கொடுக்கலாம். வேண்டாத சரக்கைத் தலையில் கட்டின பில் வச்சிருக்கிற கடைக்காரங்க, கூட்டம் முடிஞ்சதும் மேடைக்குப் பக்கத்தில் வாங்க, புகார் இங்கேயே எழுதறோம்.