குழந்தை நடக்கும் மாதம்

வெளி மாநிலங்களில் குடியிருக்கும் நம் இல்லங்களில், முதற் குழந்தைக்கு ஓராண்டு நிறைந்ததும் ஒரு கவலையும் வந்து சேர்ந்துவிடுகிறது. எதிர்வீட்டுப் பஞ்சாபிக் குழந்தை பத்தாம் மாதத்திலேயே நடந்துவிட்டது. நம் குழந்தையோ பதினான்காம் மாதத்திலும் சுவரைப் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது. "இன்னுமா நடக்கவில்லை?" என்று ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் கேட்கிறார். அருகிலிருந்து தேறுதல் கூறப் பெரியவர்கள் இல்லாத வீட்டில் இக்கேள்வி உறக்கத்தைக் கெடுக்க வல்லது. நம் வீட்டிலும் கெடுத்ததுண்டு.

இதற்கு விடை தேடிய பெரும் ஆராய்ச்சி ஒன்றின் ஒரு பகுதி டில்லி மாநகரிலேயே நடைபெற்றது என்பதைப் பலர் அறியார். உலக சுகாதார ஸ்தாபனம் 1997 முதல் 2003 வரை பிரேஸில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு தேசங்களில் ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்து ஆராய்ந்தது. இந்தியாவின் பங்கு தென் டில்லியில் நிறைவேறியது. அதற்கு முன் வழங்கிய அளவுகோல், பெரும்பாலும் புட்டிப்பால் அருந்திய அமெரிக்கக் குழந்தைகளைக் கொண்டு வகுக்கப்பட்டது. இவ்வாராய்ச்சிக்கோ தாய்ப்பாலூட்டலும், தாய் புகைபிடியாமையும், வளர்ச்சிக்கு இடையூறில்லாத குடும்ப நிலையும் நிபந்தனைகளாயின. உடல் நீளத்தில் கண்ட வேறுபாட்டில் இடத்துக்கு இடம் நேர்ந்தது சுமார் 3 சதவீதமே. குழந்தைக்குக் குழந்தை நேர்ந்தது 70 சதவீதம். நம் இனமே குள்ளம் என்று சொல்லிக்கொண்டு குழந்தையின் ஊட்டக் குறைவைப் பாராமல் இருந்துவிட இனி இடமில்லை.

பிரேஸில் நீங்கலாக ஏனைய ஐந்து தேசங்களில் 816 குழந்தைகளின் அசைவுகளையும் நான்காம் மாதம் முதல் வீடு வீடாகச் சென்று குறித்தனர். துணையின்றி உட்காருதல் 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள் அமைந்தது. தனியே நடத்தல் 8.2 மாதத்திலும் நிகழ்ந்தது, 17.6 மாதத்திலும் நிகழ்ந்தது. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. அவையும் நலமுள்ள குழந்தைகளே!

2006-ல் வெளியான அறிக்கை இக்கால எல்லையைச் 'சாளரம்' என்று குறிக்கிறது. மொழிபெயர்ப்பே தொழிலான நமக்கு இச்சொல் முதலில் ஒவ்வவில்லை. 'மைல்கல்' என்பதே பழகிய சொல். ஆயினும் மைல்கல் ஓரிடத்தில் நடப்பட்டது. சாளரத்துக்கு அகலம் உண்டு. நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் செங்கீரை, சப்பாணி, வருகை என்று வகுத்தவையும் பருவங்களே அல்லவா?

எனினும் சாளரத்துக்கும் முடிவு உண்டு. பதினெட்டு மாதம் நிறைந்தும் தனியே நடவாத குழந்தையையும், முன்பு செய்த அசைவை இப்போது செய்யாத குழந்தையையும் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நம் வீட்டுக் குழந்தை பதினைந்தாம் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை சுவரை விட்டது. பாட்டிக்குச் செய்தி சொல்லி முடிப்பதற்குள் எதிர்வீட்டு வாயிற்படியை எட்டிவிட்டது.