பதினைந்து என்றார் - பித்து என்றனர்!
(ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நகர மன்றத் தேர்தல் என்றால் நம்மிலேகூடச் சிலருக்கு அலட்சியம். "குழாயும் குப்பையும் பேசுகின்ற இடந்தானே!" என்பர். அவர்கட்கு ஓர் ஊரின் கதையைக் கூறுகிறேன்.

ஆண்டு 2013. அமெரிக்காவின் சியாட்டில் மாநகர். போயிங் விமானம் வளர்ந்த ஊர். அமேசான் வணிகம் கொழிக்கும் ஊர். அங்கே தேர்தலில் நிற்கிறார் ஒரு பெண்மணி - க்ஷமா சாவந்த். பூனாவில் பிறந்தவர், பம்பாயில் வளர்ந்தவர், தமிழ்ப் பிராமணக் குடும்பத்தவர். கணிப்பொறி பயின்றார், அதனை விடுத்துப் பொருளாதாரம் கற்று, டாக்டர் பட்டம் பெற்றார். கல்லூரியைப் பாதியிலே விட்டு வந்தவன் நான். பட்டங்களைக் கண்டு மயங்குபவனல்லன். ஆனால், கற்ற கல்வியைக் கூலிக்காரனின் பக்கம் கொண்டுவந்து நிறுத்துவோரைப் போற்றாதிருக்க இயலுமா?

எதிரே நின்றவர் ரிச்சர்டு கான்லின். 16 ஆண்டுகள் மன்றத்தில் வீற்றிருந்தவர். இவரோ, 2012-இல் மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்று தோற்றவர்; "நான் சமதர்மி" என்று மறைக்காமல் உரைத்தவர்.

கேட்டவை மூன்று: மணிக்கு 15 டாலர் கூலி, வீட்டு வாடகைக்கு வரம்பு, பெருஞ்செல்வர்மீது வரி. அன்று அம்மாநிலத்தின் குறைந்த கூலி 9 டாலர் 19 சென்ட். பதினைந்தா? பித்து! கடைகள் மூடப்படும்! - என்றனர். உணவுக்கடைத் தொழிலாளர் அவ்வாண்டு வேலைநிறுத்தம் செய்து வீதியில் எழுப்பிய முழக்கத்தையே அவர் மேடையில் எழுப்பினார். வென்றார்!

2014 சூன் 2-ஆம் நாள், நகர மன்றம் ஒருமனதாகச் சட்டம் இயற்றிற்று. முதலாளிகட்குப் பல ஆண்டுத் தவணை தந்ததை அவர் எதிர்த்தார். ஆயினும் கூலி உயர்வுக்கு வாக்களித்தார். 2025-இல் அந்நகரின் குறைந்த கூலி 20 டாலரையும் கடந்தது. பதவிக்குரிய ஊதியம் ஆண்டுக்கு இலட்சம் டாலருக்கு மேல். தமக்கென அவர் வைத்துக்கொண்டது 40,000. மீதியைப் போராட்ட நிதிக்கு அளித்தார்.

எல்லாம் வெற்றியோ? இல்லை. அவர் மன்றத்தில் இருந்தவரை வாடகைக்கு வரம்பு வரவில்லை. நகரங்கள் அதனைச் செய்யலாகாதென 1981-இலேயே மாநிலச் சட்டம் தடுத்திருந்தது. இதனை மறைத்துப் பேசுவது நமக்கு அழகன்று. நகர மன்றத்தின் அதிகாரம் முடியுமிடத்தில் மக்கள் மன்றத்தின் வேலை தொடங்குகிறது - அதுவே பாடம்.

2021 டிசம்பரில் அவரைப் பதவியினின்றும் இறக்க வாக்கெடுப்பு நடந்தது. தப்பினார் - எத்தனை வாக்கில்? 300-க்குச் சற்று மேல்! ஒரு தெருவின் வாக்கு, தோழர்களே! அந்தத் தெருவுக்கு ஊழியர் போகாதிருந்தால்?

போயிருந்ததன் பயன் 2023 பிப்ரவரியில் தெரிந்தது. சாதி வேற்றுமை காட்டுதல் கூடாது எனச் சட்டம் செய்த முதல் அமெரிக்க நகரம் சியாட்டில்! கப்பலேறிய சாதியைக் கரையிலே மடக்கிய அச்சட்டத்தைக் கொணர்ந்தவர், 'உயர்ந்த' சாதியென்று சொல்லப்படுவதிலே பிறந்த அவரே. அவ்வாண்டு முடிவில், மீண்டும் போட்டியிடாமல் மன்றத்தை விட்டு வெளியேறினார்.

ஆகவே, வாக்குக் கேட்டு வருவோன் நம்மவனேயாயினும் கேளுங்கள்: எதைச் செய்வாய்? யாரை எதிர்த்துச் செய்வாய்? உன் ஊதியத்தில் உனக்கு எவ்வளவு? இம்மூன்றுக்கும் விடை கூறுபவனுக்காகத் தெருத்தெருவாய் நடப்போம். குழாயும் குப்பையும் பேசும் அதே மன்றத்தில் கூலியும் பேசலாம், மானமும் பேசலாம்!